பாம்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்: கலிபோர்னியப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, சான் லூயி ஒபிஸ்போ

ஆகஸ்ட் மாதக் கடைசியில் கலிபோர்னியாவின் மத்தியக் கடற்கரைக் குன்றுகள் எல்லாம் காய்ந்த புல்லின் வெளிர்மஞ்சள் நிறத்தில் கிடக்கின்றன; ஓக் மரங்கள் மட்டும் ஆங்காங்கே கரும்பச்சையாக நிற்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிளம்பும் பசிபிக் சர்ஃப்லைனர் ரயில் சாண்டா பார்பராவைத் தாண்டியதும் நெடுநேரம் கடலை ஒட்டியே ஓடி, பிறகு உள்நாட்டுப் பக்கம் திரும்பி இந்தச் சிறிய ஊரில் வந்து நிற்கிறது. இங்கே இறங்கும் பயணிகளில் பெரும்பாலோர் 1772இல் நிறுவப்பட்ட மிஷன் தேவாலயத்தையும், மோரோ பாறையையும், பிஸ்மோ கடற்கரையையும் பார்க்க வருகிறவர்கள். நான் வந்திருப்பது, வாலை அதிரவைத்து ஒலி எழுப்பும் அமெரிக்க நச்சுப்பாம்புகளான கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பற்றி அறிந்துகொள்வதற்காக. அவற்றைப் பார்ப்பதற்காக மட்டுமல்ல, அவற்றை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களைச் சந்திப்பதற்காகவும்.

இந்த ஊரில் உள்ள, ‘கால் பாலி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலிபோர்னியா பாலிடெக்னிக் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் எமிலி டெய்லரும், பென்சில்வேனியாவின் டிக்கின்சன் கல்லூரியைச் சேர்ந்த ஸ்காட் போபாக்கும் தங்கள் மாணவர்களுடன் சேர்ந்து ‘ராட்டில்கேம்’ என்ற ஆய்வுத் திட்டத்தை நடத்திவருகிறார்கள். பாம்புகள் கூட்டமாகத் தங்கும் பாறைச் சரிவுகளில் கேமராவைப் பொருத்திவிட்டு மனிதர்கள் விலகிக்கொள்வதும், அந்தப் படங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து அவர்களையும் ஆய்வில் பங்கேற்கச் செய்வதும்தான் இதன் அடிப்படை. பாம்பைக் கண்டாலே கம்பைத் தேடும் பழக்கம் நம் ஊரில் மட்டுமல்ல, இங்கேயும் வேரூன்றியது. அப்படிப்பட்ட நாட்டில் ஆசிரியர்களும், செவிலியர்களும், ஓய்வுபெற்றவர்களும் தங்கள் ஓய்வு நேரத்தைப் பாம்புகளுக்குக் கொடுக்கிறார்கள் என்பதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து இங்கே வரவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. நாளை காலை பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன்.

திங்கள், பல்கலைக்கழக வளாகம்

முதுகலை மாணவி ஒருவர் என்னை வரவேற்றுக் கணினியின் முன் அமரவைத்தார். இந்தக் குறிப்புகளில் மாணவர்களின் பெயரையோ தன்னார்வலர்களின் பெயரையோ எழுதப்போவதில்லை. அவர்கள் வேலை செய்யும் இடங்களையும் அடையாளம் தெரியும்படி எழுத மாட்டேன். பாம்புகள் கூடும் இடம் வெளியே தெரிந்தால், அவற்றைக் கொல்ல வருகிறவர்களும் திருடி விற்க வருகிறவர்களும் ஒருபுறம் இருக்க, ஆர்வத்தால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களே அந்தச் சரிவைப் பாழாக்கிவிட முடியும்.

திட்டத்தின் முதல் கட்டம் மிக எளிமையானது. தாய்ப்பாம்புகள் கூடும் பாறைகளுக்கு எதிரே வைத்த கேமரா, குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு கோடைக்காலம் முடிவதற்குள் எந்த ஆய்வகமும் தனியாகப் பார்த்து முடிக்க இயலாத அளவுக்குப் படங்கள் குவிந்துவிடும். அந்தப் படங்களை ‘ஜூனிவர்ஸ்’ என்ற மக்கள் அறிவியல் தளத்தில் ஏற்றி, இதில் எத்தனை பாம்புகள் தெரிகின்றன, குட்டிகள் உண்டா, வேறு விலங்குகள் வந்திருக்கின்றனவா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துப் பதிவு செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். ஒரே படத்தைப் பலர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அவர்களுடைய விடைகள் ஒத்துப்போனால் அந்தப் பதிவு ஏற்கப்படுகிறது, பெரிதும் வேறுபட்டால் மாணவர்கள் அந்தப் படத்தை மறுபடி பார்க்கிறார்கள். படத்தை முதன்முறை பார்க்கும் கண்ணுக்குப் பாறையும் நிழலும் மட்டுமே தெரியும். சற்று நேரம் கழித்து ஒரு விளிம்பு வளைந்திருப்பது தெரியும், அந்த வளைவில் செதில்கள் தெரியும், பிறகு அதன் அடியில் இன்னொரு பாம்பின் வால் தெரியும். பழகிய தன்னார்வலர்கள் இதை நொடிகளில் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று அந்த மாணவி சொன்னபோது, அவர் குரலில் பெருமை இருந்தது.

வாலில் உள்ள கிலுகிலுப்பையைப் பற்றியும் இன்று பேசினோம். அது நம் நகத்தைப் போன்ற கெரட்டின் பொருளால் ஆனது. உள்ளே மணியோ கல்லோ எதுவும் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்த வளையங்கள் மோதுவதால்தான் ஒலி எழுகிறது. பாம்பு ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும். ஓர் ஆண்டில் பலமுறை சட்டை உரிப்பதும், பழைய வளையங்கள் உடைந்து விழுவதும் இயல்பு என்பதால், வளையங்களை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம் என்ற பரவலான நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. பிறந்த குட்டியின் வாலில் ஒற்றைக் குமிழ் மட்டுமே இருக்கும் என்பதால் அதனால் ஒலி எழுப்ப முடியாது.

செவ்வாய், பெயர் சொல்லக்கூடாத ஒரு பண்ணை

விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். மாட்டுப் பண்ணை ஒன்றின் உரிமையாளர் தன் நிலத்தில் பாம்புகளை ஆராய அனுமதி கொடுத்திருக்கிறார். முழங்கால் வரை கனமான காப்புறை அணிந்துகொண்டு, மாணவர்கள் இருவரும், தச்சுவேலை செய்யும் தன்னார்வலர் ஒருவரும், நானும் சரிவில் ஏறினோம். பார்க்காத இடத்தில் கையை வைக்காதே, பார்க்காத இடத்தில் காலை வைக்காதே என்ற இரண்டு விதிகளைத் தவிர வேறு அறிவுரை எதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை.

இங்கே இருப்பது வடக்குப் பசிபிக் கிலுகிலுப்பைப் பாம்பு. சில பாம்புகளின் உடலுக்குள், மயக்க மருந்து கொடுத்துச் செய்த சிறிய அறுவைச் சிகிச்சையின் மூலம் வானொலி அலைபரப்பியைப் பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை. மாணவர் கையில் பிடித்திருந்த ஆண்டெனாவை மெல்லத் திருப்பத் திருப்ப, ஏற்பியிலிருந்து வரும் ‘டிக் டிக்’ ஒலி ஏறி இறங்கியது. ஒலி மிகப் பலமாக இருந்த திசையில் நடந்து, ஓர் ஓக் மரத்தடியில் நின்றோம். கருவி பாம்பு எங்கள் காலடியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதும் எனக்கு எதுவும் தெரியவில்லை. தச்சர்தான் விரலை நீட்டி, விழுந்து கிடந்த கிளையின் அடியில் இருந்ததைக் காட்டினார். காய்ந்த இலைகளின் நிறத்தில், அசைவே இல்லாமல், தலையைச் சுருளின் மேல் வைத்தபடி அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிலுகிலுப்பை ஒலி எழவே இல்லை. இந்தப் பாம்பின் முதல் தற்காப்பு மறைந்திருப்பதுதான். ஒலி எழுப்பினால் தான் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்பதால் அது கடைசி வழி என்று மாணவர் தாழ்ந்த குரலில் விளக்கினார்.

எடை பார்க்க வேண்டிய வேறொரு பாம்பைக் கொக்கியால் தூக்கி, அதன் தலை ஒளி ஊடுருவும் குழாய்க்குள் தானாகவே நுழையும்வரை காத்திருந்தார்கள். பாதி உடல் உள்ளே போனதும் குழாயையும் உடலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பாம்புக்கும் மனிதருக்கும் காயமில்லை. குழாயின் மறுபுறமிருந்து அதன் முகத்தை ஒரு சாண் தொலைவில் பார்த்தேன். நெடுங்குத்தான கண்மணி, கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே ஆழமான ஒரு குழி. வெப்பத்தை உணரும் அந்தக் குழியால்தான் இவை குழிவிரியன்கள் எனப்படுகின்றன. இருட்டிலும் எலியின் உடல் சூட்டை அதனால் அறிய முடியும். வெளியே நீட்டியிருந்த வால் அப்போது அதிரத் தொடங்கியது. வெப்பநிலைக்கேற்ப நொடிக்கு 90 முறை வரை அதிரக்கூடிய வால் அது, கண்ணுக்கு ஒரு மங்கலான படலமாகத்தான் தெரிகிறது. 2021இல் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உள்ள ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, எதிரி நெருங்க நெருங்கப் பாம்பு வாலை அதிர்க்கும் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, பிறகு திடீரென்று மிக உயர்ந்த வேகத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலால் கேட்பவருக்குப் பாம்பு உண்மையில் இருப்பதைவிட மிக அருகில் இருப்பதாகத் தோன்றி, அவர் விலகி நிற்கிறார்.

பத்து மணி வாக்கில் தரை அணில் ஒன்று வளையின் வாயில் நின்று, வாலை விசிறியபடி ஒரு புதரையே பார்த்துக்கொண்டிருந்தது. புதருக்குள் பாம்பு இருந்தது. வளர்ந்த தரை அணில்களின் இரத்தத்தில் இந்த நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் இருக்கிறது. ஆனால் குட்டிகள் பாம்புக்கு இரையாகும். கிலுகிலுப்பைப் பாம்பின் முன்னால் இந்த அணில் தன் வாலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சிச் சூடேற்றுகிறது என்றும், வெப்பம் உணராத வேறு வகைப் பாம்பின் முன்னால் அப்படிச் செய்வதில்லை என்றும் டேவிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் 2007இல் நிறுவினார்கள். பாம்பு உதிர்த்த சட்டையை மென்று தன் உடம்பில் பூசிக்கொள்ளும் வழக்கமும் இந்த அணிலுக்கு உண்டு. பாம்பின் வாசனையே அப்போது அதற்கு மறைப்பாகிறது. ஒருவரை ஒருவர் இவ்வளவு நுணுக்கமாக அறிந்துவைத்திருக்கும் இரண்டு உயிர்களை ஒரே புதரடியில் பார்க்கக் கிடைத்ததற்காகவே இந்தப் பயணம் தகும்.

இறங்கி வரும்போது, இதே ஆய்வகத்தின் பழைய ஆய்வு ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். கிலுகிலுப்பைப் பாம்புகளைச் சிறிய தூரங்களுக்குத் திரும்பத் திரும்ப இடம்மாற்றி, அவை வழி கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயத்தை உருவாக்கியபோது, அவற்றின் மூளையில் இடம் சார்ந்த நினைவோடு தொடர்புடைய பகுதி பெரிதாகியிருந்தது. 2012இல் வெளியான இந்த முடிவு என்னை நீண்ட நேரம் யோசிக்கவைத்தது. பாம்புக்குத் தன் நிலம் தெரியும். நாம் வெற்றுச் சரிவு என்று நினைக்கும் இடத்தில் அது பாறைகளையும் வளைகளையும் நினைவில் வைத்து வாழ்கிறது.

புதன், அறையில்

வெயில் கடுமையாக இருந்ததால் களப்பணி இல்லை. மாணவர்கள் கொடுத்த கட்டுரைகளைப் படித்தேன். அவற்றில் ஒன்று லோமா லிண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023இல் வெளியிட்டது. காட்டில் பிடித்த 25 தெற்குப் பசிபிக் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கு இதயத் துடிப்பு அளவி பொருத்தி, அவற்றை வாளியில் வைத்து வாளிக்கு அதிர்ச்சி கொடுத்திருக்கிறார்கள். பாம்பு தனியாக இருந்தபோது துடிப்பு வெகுவாக ஏறியது. துணைக்கு ஒரு கயிற்றைப் போட்டபோதும் அப்படியே. ஆனால் இன்னொரு பாம்பு உடனிருந்தபோது ஏற்றம் கணிசமாகக் குறைந்தது. கயிற்றை வைத்துப் பார்த்ததில்தான் இந்த ஆய்வின் கூர்மை இருக்கிறது. ஏதோ ஒன்று பக்கத்தில் கிடப்பதால் பாம்பு ஆறுதல் அடைவதில்லை, தன் இனத்தைச் சேர்ந்த உயிர் ஒன்று அருகில் இருப்பதால்தான் அடைகிறது. பாம்புகள் தனித்து வாழும், உறவறியா உயிர்கள் என்று பாடநூல்களில் படித்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இது சாதாரணச் செய்தி அல்ல.

வியாழன், ஒரு தன்னார்வலரின் வீட்டில்

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவருடைய சாப்பாட்டு மேசையில் இரண்டு திரைகள். ஒன்றில் கொலராடோவின் வடபகுதியில், தனியார் நிலம் ஒன்றில் இருக்கும் பாறைச் சரிவு நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 மே மாதம் முதல் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடப்பட்ட கேமரா அது. சூரிய மின்சக்தியில் இயங்குகிறது, தொலைவிலிருந்தே திருப்பவும் அண்மைக்காட்சி எடுக்கவும் முடிகிறது. அந்தச் சரிவில் 2,000 வரை ப்ரெய்ரி கிலுகிலுப்பைப் பாம்புகள் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் பாறைப் பிளவுகளின் ஆழத்தில் கழித்துவிட்டு, வசந்தத்தில் ஆண்களும் சூலில்லாத பெண்களும் இரைதேடிப் போய்விடுகின்றன. சூல்கொண்ட பெண்கள் மட்டும் அருகிலேயே தங்கி, கோடை முழுவதும் பெரும்பாலும் இரையெடுக்காமல், வெயிலில் உடலைச் சூடாக்கி உள்ளே இருக்கும் குட்டிகளை வளர்க்கின்றன. கிலுகிலுப்பைப் பாம்புகள் முட்டையிடுவதில்லை, குட்டிதான் போடுகின்றன.

ஆசிரியை காலையில் காபியுடன் உட்கார்ந்தால், இன்று எத்தனை தாய்கள் வெளியே இருக்கின்றன என்பதிலிருந்து குறிப்பு எழுதத் தொடங்குகிறார். உடல் புள்ளிகளின் அமைப்பை வைத்துப் பல பாம்புகளை அவருக்குத் தனித்தனியாக அடையாளம் தெரியும். சிலவற்றுக்குப் பார்வையாளர்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பருந்தோ மேக்பை பறவையோ இறங்கினால் உடனே நேரம் குறித்துக்கொள்கிறார். ஆய்வாளர் ஒருவர் ஒரு சரிவில் நாள்முழுக்க உட்கார்ந்தாலும் அவருடைய நிழலும் காலடி அதிர்வுமே பாம்புகளை உள்ளே விரட்டிவிடும். இங்கே யாரும் அருகில் இல்லாததால் பாம்புகள் தங்கள் இயல்பில் இருக்கின்றன. பார்ப்பவர்களோ ஒருவர் எழுந்துபோனால் இன்னொருவர் தொடர்கிறார்கள். அரிதாக நடப்பது எதுவும் கண்ணிலிருந்து தப்பாமல் இருப்பது இதனால்தான்.

பிற்பகலில் அங்கே இடியுடன் மழை வந்தது. திரையில் முதல் துளிகள் விழுந்ததும் பிளவுகளிலிருந்து தலைகள் நீண்டன. ஒரு பெரிய தாய்ப்பாம்பு திறந்த பாறைக்கு வந்து, உடலைச் சுருட்டி, விலா எலும்புகளை விரித்துத் தட்டையாக்கிக்கொண்டது. சுருளின் நடுவே, விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் தேங்குவதுபோல நீர் தேங்கியது. பிறகு அது தன் வாயைத் தன் செதில்களின் மேலேயே வைத்து, தாடை மிக மெதுவாக ஏறி இறங்க, அந்த நீரைக் குடித்தது. அருகில் இருந்த இன்னொரு பாம்பு இதன் முதுகில் நின்ற துளிகளைக் குடித்தது; இதுவும் விலகவில்லை. ஓடையோ குட்டையோ இல்லாத வறண்ட சரிவில், கோடை முழுவதும் இடம்பெயராமல் இருக்கும் தாய்களுக்கு இந்தச் சில நிமிட மழை எவ்வளவு முக்கியம் என்பது கண்முன்னே விளங்கியது. ஆசிரியை ஒரு வார்த்தையும் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

எங்கள் பேச்சு ஸ்வீட்வாட்டரின் பக்கம் திரும்பியது. டெக்சஸ் மாநிலத்தின் அந்த ஊரில் 1958 முதல் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் கிலுகிலுப்பைப் பாம்புகளைப் பிடித்துக் குவித்துக் கொல்லும் விழா நடக்கிறது. வளைக்குள் பெட்ரோல் ஆவியைச் செலுத்திப் பாம்பை வெளியேற்றும் வழக்கமும் இதையொட்டி வளர்ந்தது. அந்த ஆவி வளையில் இருக்கும் வேறு உயிர்களையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் ஜார்ஜியாவின் கிளாக்ஸ்டன் என்ற ஊர் இதே போன்ற தன் விழாவை 2012இல் கொலையில்லாத வனவுயிர் விழாவாக மாற்றிக்கொண்டது. கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்களின் உழைப்பு இந்த இரண்டாவது வழிக்கே துணைபோகிறது என்பதால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் எண்ண முடியவில்லை.

வெள்ளி, ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பு

கோழிக்கூண்டின் பின்னால் பாம்பு இருப்பதாக ஒரு குடும்பத்தினர் அழைக்க, தன்னார்வலர் ஒருவருடன் நானும் சென்றேன். இந்தச் சேவைக்கு அவர்கள் காசு வாங்குவதில்லை. நீண்ட இடுக்கியால் மென்மையாகப் பிடித்து, மூடி உள்ள வாளியில் இறக்கிப் பூட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதன்பின் அரைமணி நேரம் அந்தக் குடும்பத்தோடு நின்று பேசினார். கோழித்தீனி சிந்திக் கிடப்பதால் எலி வருகிறது, எலிக்காகப் பாம்பு வருகிறது. தீனியை மூடிவைத்து, விறகுக் குவியலை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்கினாலே பாதி வேலை முடிந்தது என்று விளக்கினார். வீட்டுப் பெரியவர், இன்னும் ஐம்பது மைலுக்கு அப்பால் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அது பாம்புக்குத் தரும் மெதுவான மரணமாகிவிடக்கூடும் என்பதே தன்னார்வலரின் பதில். கிழக்கு மாநிலங்களின் டிம்பர் கிலுகிலுப்பைப் பாம்புகளைத் தொலைவில் கொண்டுபோய் விட்ட ஆய்வில், அவை திக்குத் தெரியாமல் அலைந்ததும் கூடுதலாக இறந்ததும் 1999இலேயே பதிவாகியுள்ளது. அதனால் அதே நிலப்பரப்பில், மறைவான பாறையிடுக்கின் வாயில் விட்டார்கள்.

அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை நச்சுப்பாம்புகள் கடிக்கின்றன, இறப்பவர்கள் ஏறத்தாழ 5 பேர். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்பதை அவரிடம் சொன்னபோது, வாளியைக் கீழே வைத்துவிட்டு, மருத்துவமனைகள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன, நஞ்சு எங்கே எடுக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும், நஞ்சுமுறி மருந்துக்காகப் பாம்பு நஞ்சை எடுத்துக் கொடுக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த மக்களைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் புளோரிடாவுக்கு வந்து, அங்குள்ள ஆய்வாளர்களுக்குப் பர்மிய மலைப்பாம்புகளைத் தடம்பார்த்துக் கண்டுபிடித்துக் கொடுத்ததும், 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்ததும் அவருக்குப் புதிய செய்தி. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத கண்கள் அறிவியலுக்கு என்ன தரமுடியும் என்பதற்கு அவர்கள் இருவரும் மிகப் பெரிய சான்று என்றே நான் நினைக்கிறேன்.

சனி, மீண்டும் வளாகத்தில்

கொலராடோச் சரிவில் நேற்று இரவு ஒரு தாய் குட்டி போட்டிருக்கிறது என்ற செய்தியோடு மாணவர்கள் காத்திருந்தார்கள். முதலில் கவனித்தவர் வேறொரு மாநிலத்தில் இரவுப்பணி முடித்து வந்த ஒரு பார்வையாளர். திரையில் சாம்பல் நிறக் குட்டிகள் தாயின் சுருளின் மேல் ஏறுவதும் வழுக்கி இறங்குவதுமாக இருந்தன. பென்சில் பருமன் கூட இல்லாத உடல்களில் நஞ்சும் பற்களும் பிறப்பிலேயே முழுமையாக இருக்கின்றன, ஆனாலும் அவை தாயை விட்டு அகலவில்லை. முதல் சட்டையை உரிக்கும்வரை, ஒன்றிரண்டு வாரங்கள், இப்படித் தாயோடு இருக்கும். அந்த நாட்களில் பறவையின் நிழல் விழுந்தால் தாய் எப்படி நகர்கிறது, குட்டிகள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்பதுதான் பதிவுப் படிவத்தில் தனிப் பகுதியாக இருக்கிறது.

மாணவி ஒருவரின் ஆய்வேட்டுக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதே பாறையில் இன்னும் குட்டி போடாத பெண்களும் இருக்கின்றன. பிறர் குட்டிகள் அவற்றின் சுருளுக்குள்ளும் புகுகின்றன, அவை விரட்டுவதில்லை. டிம்பர் கிலுகிலுப்பைப் பாம்புகளில் சூல்கொண்ட பெண்கள் தங்கள் உறவினரோடு சேர்ந்து தங்க விரும்புகின்றன என்பது 2012இல் மரபணுச் சோதனையால் தெரியவந்தது. இந்தச் சரிவில் அருகருகே கிடப்பவையும் அக்கா தங்கைகளா, அல்லது நல்ல பாறை கிடைத்ததால் மட்டுமே கூடியவையா? ஆபத்து வரும்போது பிறர் குட்டிகளின் முன்னாலும் அவை நிற்கின்றனவா? இதற்கு விடை சொல்ல, ஒவ்வொரு தாயையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, ஒவ்வொரு நிமிடமும் எது யார் அருகில் இருந்தது என்று எண்ண வேண்டும். அக்டோபரில் பாம்புகள் நிலத்தடிக்குப் போனபின் கேமரா நிறுத்தப்படும். சேர்ந்த பதிவுகளைப் படிக்கும் வேலை குளிர்காலம் முழுவதும் தொடரும்.

ஆசிரியை இன்று மதியம் ஜூனிவர்ஸ் தளத்தில் எனக்கும் ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுத்தார். ஊர் திரும்பிய பிறகு, அங்கே பகலாக இருக்கும் நம் இரவு நேரத்தில், பயிற்சிப் படங்களை முடித்துவிட்டு நானும் பதிவு செய்யத் தொடங்கலாம். தமிழ்நாட்டிலிருந்து சேர விரும்புகிறவர்களுக்குத் தேவை இணைய இணைப்பும், அடிப்படை ஆங்கில வாசிப்பும், ஒரே பாறையை அலுக்காமல் பார்க்கும் மனமும் மட்டுமே.